பட்டாசல் பேய்க்கு ஒரு புத்திமதி

ஏ பேராண்டி, செவ்வாக்கிழமை ராத்திரி பதினொண்ணே கால் இருக்கும். ஒங்க ஆச்சி தண்ணி குடிக்க எந்திரிச்சிருக்கா. பட்டாசல்ல ஒன் கம்ப்யூட்டர் தன்னால வெளிச்சம் போட்டு நிக்கு. நாற்காலியில ஆளு இல்ல. மவுசு மேசையில அசையாமக் கெடக்கு. ஆனா திரையில அந்த அம்பு மட்டும் குறுக்க மறுக்க ஓடுது. ஒரு கட்டம் தொறக்குது, ஒரு கட்டம் மூடுது, எழுத்து தன்னால விழுது. வேற பொம்பளையா இருந்தா கூப்பாடு போட்டு ஊரைக் கூட்டியிருப்பா. இவ நேரா பூசை அலமாரிக்குப் போயி, துன்னூத்தை அள்ளிக்கிட்டு வந்து, திரையோட நடு நெத்தியில மூணு வெரலால பூசிட்டுப் பொறவுதான் என்னை எழுப்பினா.

"இந்தாருங்க, ஒங்க அப்பா வந்திருக்காருபோல. உக்காந்து கணக்குப் பாக்காரு."

எங்கப்பா செத்து நாப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. உசுரோட இருந்த காலத்துலயே கணக்குப் பாக்காத மனுசன். பாத்திருந்தா தெக்குக்காட்டு நெலம் இன்னிக்கும் நம்ம கையில இருக்கும். அதனாலயே எனக்குச் சந்தேகம் வந்துட்டு. போயிப் பாத்தா, கட்டம் கட்டமா எக்செல்லு.

"பேயி இல்லட்டி, ஒம் பேரன்"னேன்.

"அவன் சென்னையிலல்லா இருக்கான்?"

"அங்க இருந்துக்கிட்டுத்தான் இங்க நோண்டுதான்."

கொஞ்ச நேரம் திரையவே பாத்துக்கிட்டு நின்னா. "சாப்ட்டானான்னு கேளுங்க"ன்னா. திரையைப் பாத்து நான் என்னத்தக் கேக்க?

நீ பண்ணினது தப்புன்னு சொல்ல வரல. இதுக்கு முன்னால நான் பட்ட பாடு எனக்குத்தானே தெரியும். காலையில ஏழு மணிக்கு ஒன் போனு வரும். "தாத்தா, அந்தப் பெட்டிக்கு முன்னால ஒரு பொத்தான் இருக்கும், அமுக்குங்க." அமுக்குவேன். "நீல லைட்டு எரியுதா?" எரியும். "சரி, வச்சிருதேன்." முட்டு வலி எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை? ம்ஹூம். முப்பத்தேழு வருசம் டெலிபோன் இலாகாவுல கம்பம் ஏறி எறங்கினவன்லே நான். கோவில்பட்டியில இருந்து எட்டயபுரம் வரைக்கும் எந்தக் கம்பத்துல எந்தக் காக்கா கூடு கட்டியிருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன். அப்பேர்ப்பட்ட ஆளை, பேரனுக்குப் பொத்தான் அமுக்குத சோலிக்கு வச்சுட்டியே.

பொங்கலுக்கு வந்தப்ப, இனி தாத்தா தயவு வேண்டாம், வெளியில இருந்தே வீட்டுக் கம்ப்யூட்டருக்குள்ள வந்து போக வழி பண்ணுதேன்னு கெளம்பினே. கரும்பு கடிக்கல, மஞ்சுவெரட்டு பாக்கல. ரெண்டு நாளு ரூட்டரைக் கட்டிக்கிட்டு அழுதே. நான் கட்டில்ல படுத்துக்கிட்டு பாத்துக்கிட்டேதான் இருந்தேன். ஒரு தரம், "அந்தக் கடைசி வரியில என்ன நம்பர் போட்டிருக்குன்னு பாருலே"ன்னேன். "தாத்தா, இது டெலிபோன் இல்ல, சும்மா இருங்க"ன்னே.

டெலிபோன் இல்லியா? இரு, சொல்லுதேன்.

நம்ம தெருவுல முதமுதல்ல போனு வந்தது பலசரக்குக் கடைக்காரர் வீட்டுக்கு. தெருவுல மொத்தம் நாப்பது வீடு. நாப்பது வீட்டுக் கல்யாணப் பத்திரிகையிலயும் அதே ஒரு நம்பர்தான் இருக்கும். பக்கத்துல "பி.பி." ன்னு ரெண்டெழுத்து. டிரங்கு கால்ல இன்னாரைத்தான் கூப்பிடணும்னு பதியுததுக்கு இலாகா வச்ச பேரு அது, பர்டிகுலர் பெர்சன்னு. நம்ம சனம் அதைப் பக்கத்து வீட்டு போனுக்குப் பேரா மாத்திட்டு. இன்னாரு வீட்டுல இருந்து வெளியூருக்குப் பேசணும்னா கடைக்காரர் வீட்டுல போயிப் பேசிட்டு வந்துரலாம். ஆனா வெளியூர்க்காரன் இங்க கூப்பிட்டா? கடைக்காரரு எடுப்பாரு. "யாரு வேணும்?"னு கேப்பாரு. சரியாச் சொன்னா ஒரு பொடியனை ஓட விடுவாரு. சொல்லத் தெரியலன்னா டொக்குனு வச்சுருவாரு.

ஒன் ரூட்டரு அந்தக் கடைக்காரரு. வீட்டுக்குள்ள ஒன் கம்ப்யூட்டருக்கு 192.168-ல தொடங்குத ஒரு நம்பரு இருக்குல்லா? அது நம்ம வீட்டுக்கு மட்டும் வந்த நம்பரு இல்ல. எதுத்த வீட்டுலயும் அதே, ஒன் ஆபீசுலயும் அதே, அமெரிக்காவுலயும் அதே. 1996-லயே மூணு வரிசை நம்பரை எடுத்து, இதை அவனவன் வீட்டுக்குள்ள வச்சுப் பொழங்கிக்கோங்க, வெளிய கொண்டு வராதீங்கன்னு எழுதி வச்சுட்டான். "மூணாவது வீடு, ஓட்டு வீடு"ங்கித மாதிரி. நம்ம தெருவுக்குள்ள சரி. சென்ட்ரல் ஸ்டேசன்ல எறங்கி ஆட்டோக்காரன்கிட்ட "மூணாவது வீடு, ஓட்டு வீடு"ன்னு சொன்னா அவன் என்ன பண்ணுவான்?

நீ பொங்கலுக்கு ரூட்டர்ல மல்லுக்கட்டினது என்னன்னா, கடைக்காரர்கிட்ட போயி, "யாராவது 3389-னு கேட்டா எங்க வீட்டுக்கு அனுப்பிரும்"னு சொல்லி வைக்குத வேலை. போர்ட் ஃபார்வர்டிங்குன்னு பேரு. சொல்லியும் வச்சே. சேவ் பண்ணினே. ரூட்டரை அணைச்சுப் போட்டே. அப்படியும் சென்னையில இருந்த ஒன் கூட்டாளி கூப்பிட்டா மணி அடிக்கல. ஏன்? நான் பாருன்னு சொன்ன அந்த வரியை நீ பாக்கல. ரூட்டரு வெளி உலகத்துக்குக் காட்டுத நம்பரு அதுல போட்டிருக்கும். நம்ம வீட்டுல அது 100.72-ல தொடங்குச்சு. 100.64-ல இருந்து 100.127 வரைக்கும் எதுல தொடங்கினாலும், அது வெளி நம்பரே இல்ல ராசா. இண்டர்நெட்டுக் கம்பெனிக்காரன் தன் வளாகத்துக்குள்ள பொழங்கிக்கிட 2012-ல ஒதுக்கின வரிசை. அதாவது நம்ம கடைக்காரருக்கே சொந்த போனு இல்ல. அவரே இன்னொரு வீட்டுல போயி பி.பி.யில நிக்காரு! நீ அவர்கிட்ட ரெண்டு நாளு கெஞ்சி என்ன, கரும்பைக் கடிச்சிருந்தாலாவது பல்லு வெளுத்திருக்கும்.

கம்பெனிக்காரனைக் குத்தம் சொல்லவும் வழியில்ல. பழைய கணக்குல மொத்த நம்பரே 429 கோடிதான். ஆளுக்கு ஒண்ணு குடுத்தாக் கூட இன்னிக்கு உலக சனத்துக்குப் பத்தாது. இதுல ஒன் ஒருத்தன் கையில மட்டும் போனு ஒண்ணு, லேப்டாப்பு ஒண்ணு, கையில கட்டியிருக்க கடியாரம் ஒண்ணு. மத்தியக் கிட்டங்கியில இருந்த கடைசிச் சரக்கு 2011 பிப்ரவரி 3-ம் தேதியே தீந்துட்டு. அதனால ஒரு நம்பரை ஊருக்கே பங்கு வச்சுக் குடுக்கான். மாசம் கூடக் கொஞ்சம் துட்டு குடுத்தா தனி நம்பரு தருவான், சிலபேரு. புது வகை நம்பரு ஒண்ணும் இருக்கு, ஐபிவி6-னு, 1995-லயே எழுதினது. அதுல புளியமரத்து எலைக்கெல்லாம் ஆளுக்கொரு நம்பர் குடுத்தாலும் மிச்சம் இருக்கும். ஆனா ஒன் ஆபீசு லைனுலயும் அது இருக்கணும், நம்ம ரூட்டரும் வழி விடணும்.

ஒண்ணு சொல்லட்டா? அந்தக் கதவு தொறக்காமப் போனதே நல்லது. குலசாமிக்கு ஒரு தேங்கா ஒடைச்சிரு.

ஏன்னா 3389-ங்கது விண்டோசு தன் தொலைதூர மேசைக்கு வச்சிருக்க வாசல் நம்பரு. அது ஊருக்கே தெரியும், திருடனுக்கும் தெரியும். 2013-ல மிச்சிகன் பல்கலைக்கழகத்துல ஸீமேப்புன்னு ஒண்ணு பண்ணினாங்க. ஒரே ஒரு கம்ப்யூட்டரு, நல்ல வேகமான லைனு, அம்புட்டுதான். உலகத்துல இருக்க அந்த 429 கோடி வாசலையும் முக்கால் மணி நேரத்துக்குள்ள தட்டிப் பாத்துட்டு வந்துரும். நம்ம வீட்டுல குழம்பு கொதிக்க ஆகுத நேரம். ஒன் வாசலு தெரு முக்குல இருக்கு, யாரும் பாக்க மாட்டான்னு நெனச்சியா? நம்பரை 3389-ல இருந்து 40001-க்கு மாத்திட்டா தெரியாதும்பே. சாவியை மிதியடிக்குக் கீழ இருந்து எடுத்து உரலுக்குப் பின்னால வைக்குத கதை அது. திருடனுக்கு ஒரு நிமிசம் கூட ஆகும்.

2019 மே மாசம் அந்த வாசல்லயே ஒரு ஓட்டை கண்டுபிடிச்சாங்க, புளூகீப்புன்னு. பாஸ்வேர்டே இல்லாம உள்ள வந்துரலாம். எம்புட்டு மோசம்னா, அஞ்சு வருசத்துக்கு முன்னாலயே கைகழுவி விட்ட எக்ஸ்பிக்குக் கூட மைக்ரோசாஃப்ட்காரன் திரும்பி வந்து ஒட்டுப் போட்டுட்டுப் போனான். செத்தவனுக்கு ஊசி போடுதான்னா சீக்கு எப்பேர்ப்பட்டதுன்னு பாத்துக்க. ஒனக்குப் பாஸ்வேர்டு இருக்குங்கே. இருக்கு. நம்ம நாயி பேரு, பக்கத்துல 123. மணி போயி மூணு வருசமாகியும் வாசலைக் காக்குத சோலி மட்டும் அதை விடல.

அதோட இன்னொரு கூத்து. ஒன் கம்ப்யூட்டர்ல இருக்கது விண்டோசு ஹோம். அந்த ஹோமுக்குள்ள வெளியில இருந்து இந்த வழியா வர முடியாது! மத்தவன் கம்ப்யூட்டருக்குப் போகலாம், தன் வீட்டுக்கு யாரையும் விடாது. அதுக்கு ப்ரோ வாங்கணும். வீடுன்னு பேரு வச்சு, வீட்டுக்காரனையே வெளிய நிறுத்தின ஆளை நான் சம்மந்தி வீட்டுல மட்டுந்தான் பாத்திருக்கேன்.

பொறவு வழிதான் என்னன்னு கேக்கியா? கேக்க மாட்டே. நான் சொல்லுதேன்.

வெளியில இருந்து கதவைத் தட்டாதே. உள்ள இருக்கவனை வெளிய கூப்பிடச் சொல்லு. பி.பி. காலத்துல துபாய்க்குப் போன பயலுவ என்ன பண்ணினானுவ? நாலு தரம் கூப்பிட்டு, நாலு தரம் கடைக்காரர்கிட்ட வசவு வாங்கி, கடைசியில காயிதம் போட்டானுவ: "ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு கடைக்காரர் வீட்டுல வந்து உக்காந்திரு." உள்ள இருக்கவ தானா வந்து போனுக்குப் பக்கத்துல நிக்கா. மணி அடிச்சதும் எடுக்கா. வம்பே இல்ல. இப்ப நீ போட்டிருக்க எனிடெஸ்க்கு, அந்த டீம்வியூவரு, குரோம்காரன் ரிமோட் டெஸ்க்டாப்பு எல்லாம் இந்த சோலிதான் பாக்கு. நம்ம வீட்டுக் கம்ப்யூட்டரு அவன் ஆபீசுக்கு ஒரு லைனைப் போட்டு வச்சுக்கிட்டே காத்துக் கெடக்கும். நீயும் அங்க வந்து சேருவே. கடைக்காரரைப் பொறுத்தமட்டுல நம்ம வீட்டு ஆளு வெளிய பேசுதான், அதுக்குப் பதில் வருது. அவரு தடுக்க மாட்டாரு.

இதுலயே கெட்டிக்காரத்தனமான ஒண்ணு இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. ரெண்டு வீட்டு வாசல்லயும் ரெண்டு முரட்டுக் காவக்காரன். நம்ம ஆளு கூப்பிட்டுப் பதில் சொல்லுதவனை மட்டுந்தான் உள்ள விடுவான். நடுவுல ஒரு தரகரு. அவரு ரெண்டு பக்கமும் மத்தவன் நம்பரை ரகசியமாச் சொல்லிட்டு, "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கூப்பிடுங்க"ம்பாரு. ரெண்டு பேரும் கூப்பிடுவான். இந்தக் காவக்காரன், "நம்ம பய கூப்பிட்டான், இது அதுக்கு வந்த பதிலு"ன்னு நெனைப்பான். அந்தக் காவக்காரனும் அதையே நெனைப்பான். ரெண்டு பேரும் வழி விட்டுருவான். தரகரு நைசா கழண்டுக்கிடுவாரு. பொண்ணு மாப்பிள்ளை நேரடியாப் பேசிக்க ஆரம்பிச்சாச்சு. ஹோல் பஞ்சிங்குன்னு பேரு வச்சிருக்கான். நான் வேலை பாத்த காலத்துல இது தெரிஞ்சிருந்தா ஒங்க ஆச்சியைப் பொண்ணு பாக்க அஞ்சு தரம் அலைஞ்சிருக்க மாட்டேன்.

டெயில்ஸ்கேலுன்னு ஒண்ணு, இதே சூட்சுமம். காவக்காரன் ரெண்டு பேரும் ரொம்ப முரடா இருந்து வேலைக்காகலன்னா, தரகரே காயிதத்தைச் சுமந்துக்கிட்டு நடப்பாரு. ஆனா அரக்கு வச்சு ஒட்டின காயிதம், அவரு பிரிச்சுப் படிக்க முடியாது. அதுக்குள்ள ஓடுத எஞ்சினு வயர்கார்டு. ஜேசன் டோனன்ஃபெல்டுன்னு ஒரு ஆளு எழுதினது. 2020 மார்ச்சுல லினக்சு தன் அடிவயித்துலயே சேத்துக்கிட்டு. அதுல என்ன விசேசம்னா, சரியான சாவி இல்லாதவன் வந்து தட்டினா, "யாரு?"னு கூட கேக்காது. "போ"ன்னும் சொல்லாது. பேசாமலே இருக்கும். தட்டினவனுக்கு அங்க வீடு இருக்கா, வெறும் செவரான்னே தெரியாது. கடன்காரன் வந்தா ஒங்கப்பா சின்ன வயசுல அப்படித்தான் இருப்பான், மூச்சுக் காட்டாம.

சாவின்னதும் ஞாபகம் வருது. கம்பத்து மேல ஏறி டெஸ்ட் போனைக் கம்பியில மாட்டினேன்னா, ஊரு ரகசியம் அம்புட்டும் காதுல விழும். யாரு வீட்டு நகை எந்த பேங்குல இருக்கு, எந்த மாமியா எந்த மருமகளைப் பத்தி என்ன சொல்லுதா. நான் கேக்கல. கேட்டிருந்தாலும் சொல்லல. ஆனா எல்லா லயன்மேனும் ஒங்க தாத்தா இல்லல்லா? கம்ப்யூட்டர் உலகத்துலயும் அப்படித்தான் பாஸ்வேர்டெல்லாம் கம்பியில அம்மணமாப் போயிக்கிட்டு இருந்துச்சு. பின்லாந்துல, ஹெல்சிங்கி பக்கத்துப் பல்கலைக்கழகத்துல எவனோ ஒருத்தன் கம்பியில காதை வச்சு ஏகப்பட்ட பாஸ்வேர்டைக் களவாண்டுட்டான். அங்க இருந்த டாட்டு உலோனன்னு ஒரு ஆளு, ஆத்தமாட்டாம 1995-ல எஸ்எஸ்ஹெச்சுன்னு ஒண்ணை எழுதினாரு. போற பேச்சைப் பூராப் பூட்டிப் போட்டு அனுப்புத முறை. அதுக்கு வாசல் நம்பரு கேட்டு எழுதினப்ப 22-ஐ வாங்கிக்கிட்டாரு. 21-ல ஒரு பழைய ஆளு, 23-ல ஒரு பழைய ஆளு. ரெண்டு கெழவனுக்கு நடுவுல திண்ணையில ஒரு சாண் எடம் காலியா இருந்துருக்கு, போயி உக்காந்துக்கிட்டாரு. இன்னிக்கு அந்த ரெண்டு கெழவனையும் கேப்பாரில்ல. அந்த ஆளு இன்னமும் உக்காந்திருக்காரு. நம்ம வீட்டுக்குள்ள சும்மா ஃபைலு எடுக்க, ஏதாவது ஓட விட, அது போதும். படம் காட்டணும்னு அவசியமில்ல. ஒனக்குப் படம் இல்லாம எதுவும் ஏறாது. சின்ன வயசுல இருந்தே அப்படித்தான்.

இந்த எனிடெஸ்க்கு மாதிரி ஆளுவகிட்ட ஒரு எச்சரிக்கை மட்டும். ஒம்போது இலக்க நம்பரு ஒண்ணு தருதான்லா, அது தாலிக்கொடி. கையில வச்சுக்க, ஊருக்குக் காட்டாதே. 2019 பிப்ரவரியிலயே ரிசர்வ் வங்கி எச்சரிக்கை விட்டுட்டு. களவாணிப் பயலுவ போனைப் போட்டு, அந்த ஆப்பை எறக்கச் சொல்லி, அந்த நம்பரை வாங்கிக்கிட்டு பேங்குக் கணக்கைத் தொடைச்சுட்டுப் போறானுவன்னு. ஆப்பு மேல பழியில்ல. ஏணி என்ன பண்ணும், ஏறுதவன் களவாணின்னா? எனக்கும் ஒருத்தன் கூப்பிட்டான். கரண்டு பில்லு கட்டல, ராத்திரி ஒம்பது மணிக்கு பீசைப் புடுங்கிருவோம், இந்த ஆப்பை எறக்குங்க சார்னான். "எறக்கிட்டேன் தம்பி"ன்னேன். "ஒம்போது நம்பரு வரும், சொல்லுங்க"ன்னான். நான், "தம்பி, எங்கிட்ட இருக்கது சுத்துத டயல் போனு. ஒண்ணுல இருந்து சுத்தவா, ஒம்போதுல இருந்து சுத்தவா?"ன்னேன். இருபது நிமிசம் பேசினான் பாவம். நல்லா சந்தோசமாப் பொழுது போச்சு. பொறவு அவனே வச்சுட்டான்.

இம்புட்டும் சரி பண்ணிட்டேன்னு வையி. அப்பவும் ஒன் ரிமோட்டு எங்க படுக்கும் தெரியுமா? கரண்டுல. நீ இந்தப் பெட்டியை ராவும் பகலும் எரிய விட்டுட்டுப் போயிட்டே. சும்மா கெடந்தாலே ஒரு அம்பது வாட்டு குடிக்கும்னு வச்சுக்க. நாளைக்கு 1.2 யூனிட்டு. மாசத்துக்கு 36. ரெண்டு மாசத்துக்கு 72. கவர்மெண்டு 2016-ல இருந்து ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட்டு சும்மா தாரான். அந்த நூறுல எழுபத்திரெண்டை ஒன் பெட்டியே குடிச்சுட்டு, மிச்ச இருபத்தெட்டுல நானும் ஒங்க ஆச்சியும் ஒங்கப்பாவும் ஒங்கம்மாவும் காத்து வாங்கணும். போன பில்லை ஒங்கப்பன் ரெண்டு தரம் திருப்பித் திருப்பிப் பாத்தான். ஒன்னைக் கேக்கல. என்னையப் பாத்து, "ராத்திரி ஃபேனைக் கொஞ்சம் கொறைச்சு வைங்க"ன்னான்.

தூங்க வச்சு, வேணும்னா எழுப்புத வழி இருக்குன்னே. இருக்கு. வேக் ஆன் லேனு. அதுவும் நல்ல வேடிக்கை. எழுப்பணும்னா ஒரு சேதி அனுப்பணும். மொதல்ல ஆறு தரம் ஒரு கனைப்பு, பொறவு அந்தப் பெட்டியோட பேரை வரிசையா பதினாறு தரம். மொத்தம் 102 பைட்டு. பள்ளிக்கூடம் போற காலத்துல ஒங்க ஆச்சி ஒன்னை எழுப்புவாளே, அதே முறைதான். அவளுக்குப் பதினாறு பத்தாது. ஆனா அந்தச் சத்தம் வீட்டுக்குள்ள போட்டாத்தான் கேக்கும். நீ சென்னையில நின்னு கத்தினா, கடைக்காரரு வாசல்லயே நிக்கும். வீட்டுக்குள்ள ஒருத்தன் முழிச்சிருந்து எழுப்பிவிடணும். அதுக்குத்தான் ராஸ்பெரி பைன்னு ஒரு சீட்டுக்கட்டு அளவு கம்ப்யூட்டர் விக்கான். ராத்திரி விளக்கு அளவு கரண்டுதான் குடிக்கும். அது ஒண்ணை ரூட்டருக்குப் பக்கத்துல முழிக்க விட்டு, பெரிய பெட்டியைத் தூங்க விடு. நீ மொதல்ல சின்னவனைக் கூப்பிடு, அவன் பெரியவனை எழுப்புவான். எல்லா வீட்டுலயும் நடக்கதுதானே.

கரண்டு போயி வந்தா பெட்டி தானா எந்திரிக்கணும்னு அதோட பயாசுக்குள்ள ஒரு வரி இருக்கு, அதை மாத்தி வச்சுரு. மாத்தலன்னா நம்ம ஊரு கரண்டுக்கு நீ வாரத்துக்கு நாலு நாளு எனக்குப் போன் போட வேண்டியிருக்கும். ஆனா எந்த பயாசாலயும் திருத்த முடியாத ஒண்ணு இருக்கு. போன வெள்ளிக்கிழமை நாள் பூரா வரமாட்டேங்குது, என்னமோ சர்வர் கோளாறுன்னு நீ அங்க தலையைப் பிச்சுக்கிட்டு இருந்தேல்லா? சர்வரும் இல்ல, கிர்வரும் இல்ல. ஒங்கம்மா கொசு பேட்டைச் சார்ஜ் போட ரூட்டர் பிளக்கைப் புடுங்கிட்டா. நான் பாத்தேன். சொல்லல. தாத்தாவுக்கு ஒரு போனு வரட்டுமேன்னு இருந்தேன்.

இதெல்லாம் கெழவனுக்கு எப்படித் தெரியும்னு யோசிக்கே. பகல் பூரா ஒன் பெட்டி சும்மாதானே கெடக்கு? மைக்குல தமிழ்லயே கேட்டா பதில் சொல்லுது. கம்பம் ஏறுதது மாதிரி கஷ்டமில்ல.

அப்படித்தான் ஒருநாளு கேம்பிரிட்ஜ் காபிச் சட்டி கதையைப் படிச்சேன். 1991-ல அந்தப் பல்கலைக்கழகத்துக் கம்ப்யூட்டர் கூடத்துல, எங்கயோ ஒரு மூலையில காபி போடுத மெசினு. ஆளுவ மாடிப்படி ஏறி எறங்கி வந்து பாத்தா சட்டி காலி. அதுக்காக ஒரு கேமராவை நிறுத்தி, அவனவன் எடத்துல இருந்தே சட்டியில காபி இருக்கான்னு பாக்க வழி பண்ணிட்டானுவ. ரெண்டு வருசத்துல அதை உலகமே பாக்க ஆரம்பிச்சுட்டு. 2001 வரைக்கும் ஓடுச்சு. அதைப் பண்ணினதுல ஒருத்தரு குவென்டின் ஸ்டாஃபோர்டு ஃப்ரேசரு. அவரே பொறவு அதே ஊருல விஎன்சின்னு ஒண்ணைப் பண்ணின கூட்டத்துலயும் இருந்தாரு. தூரத்துல இருக்க திரையை இங்க இருந்து பாத்து, மவுசை ஆட்டுத வித்தை. காபிக்குப் படியேறச் சோம்பல்பட்ட கூட்டத்துல இருந்துதான் ஒன் வித்தையும் வந்திருக்கு. ஒனக்கு முன்னாலயே பெரிய பெரிய படிப்பெல்லாம் படிச்ச சோம்பேறிங்க இருந்திருக்காங்க, கவலைப்படாதே.

ஆனா பேராண்டி, விஎன்சி, ஒன் எனிடெஸ்க்கு மாதிரிப் பிள்ளைங்களுக்குப் பெரும்பாலும் ஒரு கொணம் உண்டு. விண்டோசு ப்ரோக்காரன் வழியா வந்தா, வீட்டுத் திரை பூட்டிக்கிடும், இங்க ஒண்ணும் தெரியாது. நீ வச்சிருக்க இந்த வகையில, நீ அங்க என்ன பாக்கியோ அதேதான் இங்க பட்டாசல்லயும் ஓடும். இங்க திரையை இருட்டடிக்க ஒரு வழி இருக்கு. எந்த மெனுவுல இருக்குன்னும் எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

அதனால இப்ப ராத்திரி பத்து மணிக்கு மேல நம்ம வீட்டுல சீரியலு ஓடுததில்ல. ஒன் சம்பளச் சீட்டு பாத்தேன். ஒங்கப்பன்கிட்ட நீ சொன்ன தொகைக்கும் அதுக்கும் உள்ள வித்தியாசத்துல ஒரு பசுமாடு வாங்கலாம். அதை நான் யாருட்டயும் சொல்லல. லயன்மேன் பழக்கம். மேனேஜருக்குக் காய்ச்சல்னு லீவு லெட்டர் அடிச்சு, அன்னிக்கு மத்தியானமே மகாபலிபுரத்துப் போட்டோவை எறக்கினே. அதையும் சொல்லல.

நேத்து ராத்திரி பத்தே முக்காலுக்கு ஒரு போட்டோவைத் தொறந்தே. மஞ்சச் சுடிதாரு, நெத்தியில பொடிசா ஒரு பொட்டு. மூணு தரம் பெருசாக்கினே, ஒரு தரம் மூடினே, திரும்பத் தொறந்தே. ஒங்க ஆச்சி உள்ள போயி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டு வந்து பாத்தா. இந்தத் தரம் துன்னூறு பூசல. மொளகாயும் உப்பும் எடுத்துட்டு வந்து திரையைச் சுத்தி மூணு சுத்து சுத்தி அடுப்புல போட்டா. மொளகா நல்லா வெடிச்சுது.

இன்னிக்குப் பகல்ல ஒண்ணு கண்டுபிடிச்சேன். நீ அங்க இருந்து வந்திருக்கும்போது நான் இங்க இருந்து அடிச்சாலும் எழுத்து விழும், ரெண்டு பேருக்கும் தெரியும். நோட்பேடைத் தொறந்து வச்சிருக்கேன். மேல சாப்ட்டியான்னு அடிச்சிருக்கது ஆச்சி சொல்லி அடிச்சது. அதுக்குக் கீழ பொண்ணுக்கு எந்த ஊருன்னு கேட்டிருக்கேன். பத்தே முக்காலுக்கு வருவேல்லா? அவ இப்பவே நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துட்டா.